போர் விமானம் இல்லாத விமானப்படை: நியூசிலாந்து ராணுவம் பற்றி எங்கள் குடியிருப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 அக்டோபரில் சின்னசாமி மைதானத்தில் நியூசிலாந்திடம் இந்திய அணி 46 ரன்னுக்குச் சுருண்டது நினைவிருக்கும். அன்று முருகேஷ்பாளையாவில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். "நம்ம பெங்களூரு ஜனத்தொகையில பாதிகூட இல்லாத நாடு, நம்மள இப்படி அடிக்குது" என்றார் ஒருவர். இரண்டாம் மாடிப் பையன் விடவில்லை. "கிரிக்கெட்ல அடிக்கட்டும் அங்கிள். போன வாரம்தான் அவங்க கடற்படைக் கப்பல் ஒண்ணு பாறையில மோதி மூழ்கிச்சு. அவங்க ஏர்ஃபோர்ஸ்ல ஒரு ஃபைட்டர்கூட கிடையாதாம்" என்று எழுதினான். அடுத்த நொடியே எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். காரணம், நான் இருபது வருடம் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்கூட்டைப் பழுதுபார்ப்பவனாக இருந்து, சார்ஜெண்டாக வெளியே வந்தவன்.

அன்று தொடங்கிய கேள்விகள் லிஃப்டிலும், டீக்கடையிலும், பிள்ளையார் சதுர்த்திப் பந்தலிலும் தொடர்கின்றன. சொன்னதையே திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

உண்மையிலேயே ஒரு போர் விமானம்கூட இல்லையா?

இல்லை. 2001 டிசம்பரிலிருந்தே இல்லை. விமானப்படை இருக்கிறது. கடலைக் கண்காணிக்கும் பி-8 போசைடன் நான்கு, சரக்கு ஏற்றும் சி-130ஜே ஐந்து, ஹெலிகாப்டர்கள், பயிற்சி விமானங்கள், வயதான போயிங் 757 இரண்டு. குண்டு போடவோ, எதிரி விமானத்தை வானத்தில் மறிக்கவோ ஒன்றும் கிடையாது. பி-8 என்றால் அரக்கோணம்காரர்கள் புரிந்துகொள்வார்கள். ராஜாளி தளத்திலிருந்து நம் கடற்படை பறக்கவிடுகிற விமானத்தின் கூடப்பிறந்ததுதான் அது.

அந்த நாடு எவ்வளவு சிறியது?

ஜனத்தொகை சுமார் 53 லட்சம். நிலப்பரப்பு தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்கு. ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றிலும் சேர்த்து முழுநேரச் சீருடைக்காரர்கள் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. ஆனால் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய கடல் சிறியதல்ல. பொருளாதார உரிமைக் கடல் மட்டும் சுமார் 40 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது. தேடுதல், மீட்புப் பொறுப்பு வடக்கே பூமத்திய ரேகைப் பக்கத்திலிருந்து தெற்கே தென் துருவம் வரை, கிழக்கே சிலிக்குப் பாதி வழி வரை நீள்கிறது. ஆள் கொஞ்சம், தண்ணீர் ஏராளம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

ஃபைட்டர்களை ஏன் எடுத்தார்கள்? பணம் இல்லையா?

பணம் ஒரு பாதிதான். கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

1970இல் அமெரிக்காவிலிருந்து 14 ஸ்கைஹாக் போர் விமானங்கள் வாங்கினார்கள். அதற்கு முன்னால் வைத்திருந்த கேன்பெரா குண்டுவீச்சு விமானங்களை, அதே ஆண்டு, நமக்குத்தான் விற்றார்கள். 1984இல் ஆஸ்திரேலியக் கடற்படை கழித்துக்கட்டிய ஸ்கைஹாக் பத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அதே வருடம் டேவிட் லாங்கி தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அணு ஆயுதம் தாங்கிய கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வரக்கூடாது என்றார்கள். 1985இல் ஒரு அமெரிக்கக் கப்பலுக்கு அனுமதி மறுத்தார்கள். 1986இல் அமெரிக்கா, உன்னைப் பாதுகாக்கும் கடமை எனக்கு இனி இல்லை என்று கைகழுவியது. பெரிய அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் வீட்டுக்குள் திருடன் எவனும் வரவில்லை. அப்படியே பல வருடம் ஓடியது.

இதற்கிடையில் ஸ்கைஹாக்குகளுக்கு எஃப்-16 என்ற புதிய அமெரிக்கப் போர் விமானத்தில் இருந்த ரேடாரைப் பொருத்தி, காக்பிட்டையும் புதுசாக்கினார்கள். தொழில்காரனாகச் சொல்கிறேன், அது அருமையான வேலை. பழைய கூட்டுக்குள் புது உயிர். ஆனாலும் கூடு பழசுதான்.

1998 முடிவில் ஜென்னி ஷிப்லியின் அரசுக்கு ஒரு லாட்டரி அடித்தது. 28 எஃப்-16 விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தன. பாகிஸ்தானுக்காகச் செய்தவை, அணு ஆயுதச் சந்தேகத்தில் அமெரிக்கா கொடுக்காமல் நிறுத்திவைத்தவை. கிட்டத்தட்டப் பறக்காத விமானங்கள். அவற்றை சுமார் 36 கோடி நியூசிலாந்து டாலருக்கு, பத்து வருடக் குத்தகைக்குப் பேசி முடித்தார்கள். அந்தத் தரத்து விமானத்துக்கு அது கொள்ளை மலிவு.

அப்புறம் தேர்தல். ஆட்சி மாறி ஹெலன் கிளார்க் வந்தார். 2000 மார்ச்சில் குத்தகையை ரத்து செய்தார். 2001 மேயில் போர் விமானப் பிரிவையே கலைப்பதாக அறிவித்தார். அவர் வாதம் எளிமையானது: நம்மைச் சுற்றி ஆபத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, முப்பது வருடமாக ஸ்கைஹாக் ஒரு சண்டையிலும் ஈடுபட்டதில்லை, உண்மையில் நாம் செய்கிற வேலை கிழக்குத் திமோரில் அமைதிப் படை, தீவுகளில் புயல் நிவாரணம், மீன்பிடிக் கண்காணிப்பு, பணம் அங்கே போகட்டும்.

பதினேழு விமானம்தானே? ஓர் ஓரமாக வைத்துக்கொண்டிருக்கலாமே?

இதுதான் எல்லோரும் கேட்பது. விமானம் என்பது வண்டி இல்லை, ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டு வேண்டும்போது எடுப்பதற்கு. அது ஒரு குடும்பம்.

கடைசியில் இருந்தது 17 ஸ்கைஹாக். அவற்றுக்கு விமானி வேண்டும். பயிற்சி முடித்த பையனை நேரே ஸ்கைஹாக்கில் ஏற்ற முடியாது, நடுவே ஒரு ஜெட் வேண்டும். அதற்கு இத்தாலிய ஏர்மாக்கி 17. ஏர்மாக்கி இருந்ததே ஸ்கைஹாக்குக்கு விமானி தயார் செய்யத்தான். அங்கே பயிற்றுநர் வேண்டும். பயிற்றுநர் ஸ்கைஹாக்கில் பழகியவராக இருக்க வேண்டும். குண்டு போட்டுப் பழக ரேஞ்ச், ஆயுதக் கிடங்கு, என்ஜின் பட்டறை, இருக்கையோடு வெளியே தூக்கியெறியும் எஜெக்ஷன் சீட்டுக்குத் தனி ஆள். ஐம்பது விமானம் இருந்தாலும் இந்தப் பட்டியல் இதேதான், பதினேழு என்றாலும் இதேதான். விமானத்தின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் செலவு பாதியாகாது. கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குச் சமைத்தாலும் ஐம்பது பேருக்குச் சமைத்தாலும் மண்டப வாடகை ஒன்றுதானே.

அதனால் சிறு படைகளுக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. அதற்குக் கீழே போனால், செலவு முழுசாக இருக்கும், பலன் இருக்காது. நியூசிலாந்து அந்த வரம்பில்தான் நின்றுகொண்டிருந்தது. எஃப்-16 வாங்கியிருந்தால் இன்னும் இருபது வருடம் ஓடியிருக்கலாம். ஆனால் கடற்படையோ தரைப்படையோ எதையாவது இழந்திருக்கும்.

அப்படியானால் கிளார்க் செய்தது சரியா?

நம் ஊர் பை-டூ காபி தெரியும். ஒரு காபியை இரண்டு கிளாஸில் ஊற்றித் தருவார்கள். இருவரும் காபி குடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். பேச்சுத்துணைக்கு அது போதும். ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போகிறவனுக்குப் போதாது. ராணுவச் செலவில் பெரும்பாலான அரசுகள் செய்வது இந்த பை-டூதான். எதையும் கைவிட்டதாகச் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பார்கள். பறக்கும் நேரத்தைக் குறை, உதிரி பாகம் வாங்குவதைத் தள்ளிப்போடு, கட்டடத்துக்குப் பெயின்ட் அடுத்த வருடம். அணிவகுப்பில் எல்லாம் இருக்கும். அவசரத்துக்கு எதுவும் இருக்காது.

கிளார்க் காபியைப் பங்கிடவில்லை. ஒரு கிளாஸை எடுத்து வைத்துவிட்டு, இது நமக்கு இனி இல்லை என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் நின்று சொன்னார். திட்டு வாங்கினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். விமானப் பிரிவை இழந்த ஃபிட்டர்களை நினைத்தால் வயிறு எரிகிறது, அது வேறு. என் குறை அவர் கைவிட்டதில் இல்லை. மிச்சம் வைத்துக்கொண்டதை முழுசாக வைத்துக்கொண்டார்களா என்பதில்தான். அதற்குக் கீழே வருகிறேன்.

மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது?

பெரிய சாமான் என்றால், தரைப்படைக்கு 105 எட்டுச் சக்கரக் கவச வண்டிகள். விலை சுமார் 65 கோடி நியூசிலாந்து டாலர். அமைதிப் படைக்கு இவ்வளவு வண்டி எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். வாங்கிய விதத்தை அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளரே கேள்வி கேட்டார். கேட்டவர்கள் சொன்னபடியே ஆயிற்று. ஓட்ட ஆளில்லாமல் பல வண்டிகள் கொட்டகையில் நின்றன. 2022இல் அவற்றில் 22 வண்டிகளைச் சிலி நாட்டுக்கு விற்றார்கள்.

கடற்படைக்கு ஏழு கப்பல், மொத்தம் 50 கோடி டாலர். நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தொகைக்குள் முடிக்க வேண்டும் என்று நெருக்கியதில் கேன்டர்பரி என்ற பெரிய கப்பலுக்குத் தொடக்கத்திலேயே நிறையக் கோளாறு. 2007இல் அதன் படகு ஒன்று கவிழ்ந்து ஒரு மாலுமி இறந்தார்.

அந்த ஸ்கைஹாக்குகள் என்னவாயின?

தெற்குத் தீவில் உட்போர்ன் தளத்தில், வெட்டவெளியில், வெள்ளை ரப்பர் பூச்சு போட்டு வரிசையாக நிறுத்தினார்கள். பொட்டலம் கட்டிய பொம்மை மாதிரி இருக்கும் படத்தில். வாங்க ஆள் வருவதும், அமெரிக்காவின் அனுமதி இழுபறியாவதும், வந்தவர் போவதுமாகப் பத்து வருடம். 2012இல்தான் எட்டு ஸ்கைஹாக்கும் ஒன்பது ஏர்மாக்கியும் ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்துக்குப் போயின. அங்கே அவை பயிற்சிச் சண்டையில் எதிரி வேஷம் கட்டின. மற்ற ஸ்கைஹாக்குகள் அருங்காட்சியகங்களுக்கு. கிடைத்த பணத்தைவிட, காத்து வைத்த செலவு அதிகம். கைவிடுவதற்கும் ஒரு திட்டம் வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

விமானிகளில் பலர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானப்படைகளில் சேர்ந்துவிட்டார்கள். தயாராகப் பழுத்த பழம், பக்கத்து வீட்டுக்காரன் கூடையில்.

யாராவது தாக்கினால் என்ன செய்வார்கள்?

ஆஸ்திரேலியா பார்த்துக்கொள்ளும். அதுதான் பதில், அதை அவர்களே மறைப்பதில்லை. சிட்னியிலிருந்து ஆக்லாந்து சுமார் 2,150 கிலோமீட்டர், நடுவே வெறும் கடல். ஒரு ஃபைட்டர் வழியில் எரிபொருள் நிரப்பாமல் வந்து சண்டையிட்டுத் திரும்ப முடியாத தூரம். அந்தத் தூரம்தான் அவர்களுக்கு உண்மையான கோட்டைச் சுவர். "இலவசச் சவாரி" என்று ஆஸ்திரேலியர்கள் முணுமுணுப்பது நாற்பது வருடமாக நடக்கிறது.

இரண்டு ஃபிரிகேட் போர்க்கப்பல் இருக்கிறதே, போதாதா?

கப்பற்படைக்காரர்களின் வாய்க்கணக்கு இது: கடலில் ஒன்று நிற்க வேண்டுமென்றால் கையில் மூன்று வேண்டும். ஒன்று கடலில், ஒன்று பழுதுபார்ப்பில், ஒன்று பயிற்சியில். ஆஸ்திரேலியாவோடு சேர்ந்து ஃபிரிகேட் கட்டியபோது அவர்கள் எட்டு எடுத்தார்கள், நியூசிலாந்து இரண்டு: டெ கஹா, டெ மனா. இன்னும் இரண்டு எடுக்க வாய்ப்பிருந்தது, வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

விளைவு? 2018இல் டெ கஹா கனடாவுக்கு மேம்படுத்தப் போனது, பின்னாலேயே டெ மனா. வேலை எல்லாம் முடிந்து இரண்டும் ஊர் திரும்ப 2022 ஆகிவிட்டது. இரண்டு ஸ்கூட்டர் இருக்கிற வீட்டில் ஒன்று மெக்கானிக்கிடம், இன்னொன்று பஞ்சர் என்றால், பஸ்தான்.

கப்பல் இருந்தும் ஆளில்லாமல் நின்றதாகக் கேள்விப்பட்டேன்?

உண்மை. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு.

கொரோனா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை ஹோட்டல்களில் தனிமைப்படுத்தினார்கள். அந்த ஹோட்டல் வாசலில் காவல் நிற்க முப்படை வீரர்களையும் போட்டார்கள், மாதக்கணக்கில். கடலில் ரேடார் பார்க்கப் படித்தவன் லாபியில் நின்று கதவு திறந்தான். வெளியே அதே வேலைத்திறனுக்குச் சம்பளம் அதிகம். ஒவ்வொருவராகக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 2022 முடிவில் மூன்று கடற்படைக் கப்பல்கள், ஒட்டாகோ, வெலிங்டன், ஹாவியா, ஆளில்லாமல் டெவன்போர்ட் துறையில் கட்டிக்கிடந்தன. பழைய ஓரியன் கண்காணிப்பு விமானங்களையும் திட்டமிட்டதற்கு முன்னதாக, 2023 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. தேவையில்லை என்று ஒதுக்கிய இரண்டு சிறிய ரோந்துக் கப்பல்களை நியூசிலாந்து அயர்லாந்துக்கு விற்றது. அயர்லாந்தில் ஏற்கெனவே கப்பல்கள் ஆளில்லாமல் கரையில் நின்றன. சிறிய கப்பலுக்கு ஆள் குறைவாகப் போதுமே என்றுதான் வாங்கினார்கள்.

ஆள் போவது என்றால் என்ன என்று என் கையனுபவத்தில் சொல்கிறேன். விமானத்தில் முக்கியமான போல்ட்டுகள் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க மெல்லிய எஃகுக் கம்பியை இரண்டிரண்டு போல்ட்டாகக் கோத்து முறுக்கிக் கட்டுவோம். லாக்கிங் ஒயர் என்போம். ஒரு போல்ட் கழலப் பார்த்தால், கம்பி மற்றதை இறுக்கும்படி சுற்ற வேண்டும். திசை மாறினால் கம்பி இருந்தும் பயனில்லை. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும். புத்தகத்தில் படம் இருக்கிறது, அரை மணியில் படித்துவிடலாம். ஆனால் கை போகாத இடுக்கில், கண் பார்க்காமல், விரல் மட்டும் உள்ளே விட்டு, சரியான திசையில், உடையாத இறுக்கத்தில் கட்ட எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. எனக்குக் கற்றுத்தந்த வாரண்ட் ஆபீசர், நான் கட்டியதைப் பேசாமல் கட்டரால் வெட்டிப்போடுவார். "திரும்பக் கட்டு." அவ்வளவுதான். நாற்பது ஐம்பது முறை வெட்டியிருப்பார்.

அவர் ஓய்வுபெற்ற மாதம் ஒரு விமானத்தில் ஹைட்ராலிக் கசிவு. எங்கேயென்று நாங்கள் நான்கு நாள் தேடினோம். அவர் இருந்திருந்தால் ஒரு துணியைச் சுற்றிக் கை வைத்து, பத்து நிமிடத்தில் காட்டியிருப்பார். பட்ஜெட்டில் அவர் வெறும் ஒரு சம்பளத் தொகை. அந்தத் தொகை குறைந்ததும் கணக்குப் பார்த்தவருக்குச் சந்தோஷம். நான்கு நாள் விமானம் நின்றதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

உதிரி பாகம் இல்லாத காலத்தில் இன்னொன்று நடக்கும். நிற்கிற ஒரு விமானத்திலிருந்து கழற்றி, பறக்க வேண்டியதில் மாட்டுவோம். எங்கள் ஹேங்கரில் அப்படி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்த ஒரு விமானத்துக்குத் தமிழ்ப் பையன்கள் வைத்த பெயர் அட்சய பாத்திரம். ஆனால் அது அள்ள அள்ளக் குறைந்தது. அதோடு, ஒரு பாகத்துக்கு ஒரு வேலை என்பது மூன்றாகும்: இதில் கழற்று, அதில் மாட்டு, புதுசு வந்ததும் திரும்ப இதில் மாட்டு. காசு மிச்சம் பிடிக்க உதிரி பாகம் வாங்கவில்லை, அந்தச் சுமை ஆளின் தோளில் ஏறியது. ஆள் களைத்து வெளியே போனான். நானும் அப்படித்தான் வெளியே வந்தேன். மறுமாதமே இங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் கிட்டத்தட்ட இரட்டைச் சம்பளம்.

அதனால்தான் சொல்கிறேன், இரும்பைக் காசு கொடுத்து மூன்று வருடத்தில் வாங்கலாம். பத்து வருட சார்ஜெண்டை உருவாக்கப் பத்து வருடம்தான் ஆகும், எவ்வளவு கொட்டினாலும்.

அந்த மூழ்கிய கப்பலுக்கும் பட்ஜெட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இழுத்துக் கட்டக்கூடாது. மனவானுய் என்பது நார்வேயிலிருந்து 2018இல் சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கிய பழைய கப்பல். புதிதாகக் கட்டினால் செலவு அதிகம் என்று எண்ணெய் வயல் பணிக் கப்பல் ஒன்றை வாங்கி, கடலடி அளவைக்கு மாற்றினார்கள். 2024 அக்டோபர் 5ஆம் தேதி மாலை சமோவா பக்கத்தில் பவளப் பாறையில் ஏறி, மறுநாள் மூழ்கியது. உள்ளே இருந்த 75 பேரும் பிழைத்தார்கள். கப்பல் தானியங்கி முறையிலேயே ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்காமல் திருப்பும் கருவிதான் பழுது என்று நினைத்துவிட்டார்கள் என்று விசாரணை சொன்னது. பயிற்சிக் குறைகளையும் குறிப்பிட்டது. மனிதத் தவறுதான். ஆனால் அனுபவசாலிகள் வெளியேறிய இரண்டு வருடத்துக்குப் பிறகு நடந்த மனிதத் தவறு என்பதை நான் மறக்க மாட்டேன்.

பிரதமர் விமானமே வழியில் நின்றதாமே?

ஒரு முறை இல்லை! 2016 அக்டோபரில் ஜான் கீ இந்தியாவுக்கு வரும்போது ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 757 பழுதாகி நின்றது. மும்பை நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டு நேரே டெல்லி வந்தார். 2024இல் கிறிஸ்டோபர் லக்சன் ஜப்பான் போகும்போது பப்புவா நியூ கினியில் அதே கதை, அவர் பயணிகள் விமானத்தில் போய்ச் சேர்ந்தார். இருபது வருடத்துக்கும் மேல் பழைய இரண்டே இரண்டு விமானம் வைத்திருந்தால் இதுதான். தலைவருக்குப் புது விமானம் வாங்கினால் ஓட்டுப் போகும் என்று எல்லாக் கட்சியும் தள்ளிப்போட்டது.

மற்ற சின்ன நாடுகள் எப்படி?

நெதர்லாந்து கதை நம் கேள்விக்கு நேர் பொருத்தம். 2011இல் செலவைக் குறைக்க டாங்கிகளை முழுசாகக் கைவிட்டார்கள். 2014இல் நூறு லெப்பர்ட் டாங்கிகளைப் பின்லாந்துக்கு சுமார் 20 கோடி யூரோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அதே 2014இல்தான் ரஷ்யா கிரிமியாவை எடுத்தது. கொஞ்ச நாளில் ஜெர்மனியிடம் 18 டாங்கியைக் குத்தகைக்கு வாங்கி, ஜெர்மானியப் பட்டாளத்தோடு சேர்ந்து தங்கள் ஆட்களின் கையைத் துரு ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். 2025இல் புதிதாக 46 டாங்கிக்கு ஆர்டர். விற்ற விலைக்கும் வாங்கும் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் அந்த 18ஐ வைத்துத் தொழிலறிவைக் காப்பாற்றியது கெட்டிக்காரத்தனம். நியூசிலாந்து ஸ்கைஹாக்கில் அதைச் செய்யவில்லை.

சுவிட்சர்லாந்தில் சிரிப்பு. 2014 பிப்ரவரியில் எத்தியோப்பிய விமானம் ஒன்றை அதன் துணை விமானியே கடத்தி, விடியற்காலையில் ஜெனீவாவில் இறக்கினார். கூட வந்தவை இத்தாலிய, பிரெஞ்சு ஃபைட்டர்கள். சுவிஸ் ஃபைட்டர்கள் வரவில்லை, ஏனென்றால் அப்போது அவர்களின் விமானப்படை ஆபீஸ் நேரத்தில்தான் பறக்கும்! விமானம் இருந்தது, இருபத்துநான்கு மணி நேரமும் தயாராக வைக்க ஆளும் பணமும் ஒதுக்கவில்லை. 2021 முதல் சரிசெய்துவிட்டார்கள்.

இலங்கை?

அங்கே பிரச்சினை தலைகீழ். போர் 2009இல் முடிந்த பிறகும் ராணுவத்தில் இரண்டு லட்சம் பேர். ஆயுதத்துக்கு இல்லை, சம்பளத்துக்கே பணம் கரைந்தது. நாடு திவாலான பிறகு, 2023 ஜனவரியில், அனுமதிக்கப்பட்ட 2,00,783 பேரை ஒரு வருடத்தில் 1,35,000 ஆகவும் 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்பதாக அறிவித்தார்கள். ஆள் இல்லாமல் தவிக்கிற நாட்டையும் ஆள் அதிகமாகித் தவிக்கிற நாட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். வெளியே வருகிறவனுக்கு வேலை எங்கே என்பதுதான் அங்கே பெரிய கேள்வி, அதுவும் வடக்கில் எத்தனை முகாம் மிஞ்சும் என்பதும்.

நம் நாட்டுக்கு இதில் ஏதாவது உண்டா?

நாம் சிறு நாடு இல்லை. ஆனால் கணக்கு நமக்கும் உண்டு. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய், அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. அதில் என் பென்ஷனும் இருக்கிறது, அதனால் அடக்கி வாசிக்கிறேன். 2022இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு வருடம் முடிந்ததும் கால் பங்கினர்வரைதான் நிரந்தரமாக இருப்பார்கள். லாக்கிங் ஒயர் கட்டவே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன், கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் கடைசி மிக்-21ம் போனபிறகு நம் ஃபைட்டர் ஸ்குவாட்ரன்கள், அதாவது போர் விமானப் படைப்பிரிவுகள், 29க்கு வந்துவிட்டன. வைத்திருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டது 42. தேஜஸ் எப்போது வரும் என்று தயவுசெய்து லிஃப்டில் என்னிடம் கேட்காதீர்கள்.

நியூசிலாந்து இப்போது என்ன செய்கிறது? ஃபைட்டர் திரும்ப வருமா?

வராது. 2025 பிப்ரவரியில் சீனப் போர்க்கப்பல்கள், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவே உள்ள டாஸ்மன் கடலில் சுடும் பயிற்சி செய்தன. அந்த எச்சரிக்கை முதலில் காதில் விழுந்தது, மேலே பறந்துகொண்டிருந்த பயணிகள் விமானத்தின் விமானிக்குத்தான், ரேடியோவில். தூரம் என்ற கோட்டைச் சுவரில் ஒரு விரிசல். ஏப்ரலில் நான்கு வருடத்துக்கு 1,200 கோடி நியூசிலாந்து டாலர் திட்டம் வந்தது. ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்த பாதுகாப்புச் செலவை எட்டு வருடத்தில் மொத்த உற்பத்தியில் இரண்டு சதவீதத்துக்கு மேல் கொண்டுபோவதாகச் சொல்கிறார்கள். ஆகஸ்டில் ஐந்து சீஹாக் கடற்படை ஹெலிகாப்டரும், 757க்குப் பதில் இரண்டு ஏர்பஸ்ஸும் அறிவித்தார்கள், சேர்த்து 270 கோடி டாலர். இனி எந்தப் பிரதமராவது மும்பையை ரத்து செய்யாமல் வருவார் என்று நம்பலாம்.

ஃபைட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. இருபத்துநான்கு வருடம் ஆகிவிட்டது. ஸ்கைஹாக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும், அதன் போல்ட் கட்டியவர்களுக்கும் இன்று பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். விமானம் வாங்கினாலும் யாரிடம் போய்க் கற்பது?

ஸ்கைஹாக்கை நேரில் பார்க்க முடியுமா?

கிறைஸ்ட்சர்ச்சில் விக்ரம் என்ற பழைய விமானத்தளத்தில் அவர்களின் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே நிற்கிறது. பெயர் நம் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கும், சம்பந்தமில்லை. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், நம் ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் எச்ஏஎல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஸ்கைஹாக் கலைந்த அதே 2001இல்தான் அது திறந்தது. மரத்தடியில் ஒரு கேன்பெரா நிற்கிறது, நியூசிலாந்து நமக்கு விற்ற அதே ரகம். சக்கரத்துக்கு மேலே குனிந்து பார்த்தால் போல்ட்டுகளும் கம்பிகளும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னால் நானும் வருகிறேன், எந்தத் திசையில் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டுகிறேன்.